காட்டுத்தீ அணைந்த பிறகு: காடு, விலங்கு, மீன் மூன்றுக்கும் உள்ள ஆபத்தை முதல் மழைக்கு முன் கணக்கிடுவது எப்படி?

தீ அணைந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை ஹெக்டேர் எரிந்தது?" அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆபத்தைச் சொல்ல முடியாது. ஐம்பது ஹெக்டேர் புல்வெளி எரிந்து அடுத்த மழையில் பச்சையாகி நிற்கும். மூன்றே ஹெக்டேர் ஓடைச்சரிவு எரிந்த இடத்தில், ஒரு மழைக்குள் கீழே இருக்கும் மடுவில் மீன் செத்து மிதக்கும். எரிந்த இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது, அங்கே சாம்பலும் மண்ணும் எப்போது போய்ச் சேரும் என்பதைத்தான் நீங்கள் மதிப்பிடப் போகிறீர்கள்.

கல்லூரி மாணவர்கள், ஊர்ச் சூழல் குழுவினர், வனத்துறையோடு சேர்ந்து வேலை செய்யும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் நீலகிரியின் வடபுறம் இருக்கும் முதுமலை, சீகூர் பீடபூமி, மாயாறு பகுதியைச் சேர்ந்தவை. முள்காடு, இலையுதிர் காடு, ஓடைக்கரை நீர்மருது மரங்கள், அவற்றில் கூடு கட்டும் பாறு கழுகுகள், ஆற்றில் மகசீர் மீன் என எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் பழகுவதற்கு இதைவிட நல்ல நிலம் இல்லை. சத்தியமங்கலத்துக்கும் தேனி மலைகளுக்கும் இதே முறை பொருந்தும்.

1. முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

இங்கே தீக்காலம் பிப்ரவரியில் சூடுபிடித்து ஏப்ரல் வரை நீளும். கோடை இடிமழை ஏப்ரலிலேயே வந்துவிடலாம். மார்ச் நடுவில் தீப்பிடித்தால் உங்கள் கையில் இருப்பது இரண்டிலிருந்து நான்கு வாரம். அதை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

தீ அணைந்த முதல் 3 நாள்: காட்டுக்குள் போகாதீர்கள். செயற்கைக்கோள் படம், வரைபடம், பேச்சுவார்த்தை மட்டும்.
4 முதல் 10 நாள்: மண், மரம், விலங்குத் தடம், ஓடையின் முதல் அளவீடு.
10-ஆம் நாள்: இரண்டு பக்க முதல் அறிக்கை.
முதல் பெருமழை பெய்த 24 மணி நேரத்துக்குள்: ஓடையின் இரண்டாவது அளவீடு.
வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், அதாவது டிசம்பரில்: மரங்களின் இறுதிக் கணக்கு.

முதல் மூன்று நாள் போகக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அடிமரமும் வேரும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வேர் எரிந்த பள்ளத்தைச் சாம்பல் மூடியிருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அடி கருகி நிற்கும் மரம் காற்றே இல்லாமல் சாயும். தீ எரிந்துகொண்டிருக்கும்போது உள்ளே போவது பற்றிப் பேச்சே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தது போதும்.

2. அனுமதி: தீப்பிடிக்கும் முன்பே வாங்கி வையுங்கள்

புதியவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். தீ பிடித்த பிறகு விண்ணப்பித்தால் கோப்பு நகர்வதற்குள் மழை வந்துவிடும். "பிப்ரவரி முதல் டிசம்பர் வரை, தீ ஏற்படும் இடங்களில் மதிப்பீடு" என்று முந்தைய நவம்பரிலேயே ஒட்டுமொத்தமாக விண்ணப்பியுங்கள்.

சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. விண்ணப்பம் புலிகள் காப்பகத்தில் கள இயக்குநர் வழியாகப் போகட்டும். மற்றக் காடுகளில் மாவட்ட வன அலுவலரைப் பாருங்கள். இணைக்க வேண்டியவை:

நோக்கம், முறை, நாள்கள் அடங்கிய மூன்று பக்கத் திட்டம்.
எல்லை வரைபடம், அச்சிலும் கேஎம்எல் (KML) என்னும் கணினி வரைபடக் கோப்பாகவும்.
குழுவினர் பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை நகல், வண்டி எண்.
கல்லூரி அல்லது அமைப்பின் கடிதம்.
எதையும் வெளியே எடுத்துச் செல்ல மாட்டோம் என்ற உறுதிமொழி. மண், தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டுமென்றால் எத்தனை மாதிரி, எத்தனை கிராம், எத்தனை மில்லிலிட்டர் என்று தனியாக எழுதுங்கள். "மாதிரிகள் சேகரிக்கப்படும்" என்று பொதுவாக எழுதிய விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும்.

ட்ரோனுக்கு வனத்துறையிடம் தனி அனுமதி வேண்டும். எடை குறைந்த ட்ரோன் என்பதால் காட்டில் விடலாம் என்று நினைக்காதீர்கள். பாறு கழுகுக் கூடுகள் இருக்கும் ஓடைக்கரையில் அனுமதி கிடைத்தாலும் விடாதீர்கள்.

செத்த விலங்கைக் கண்டால் தொடாதீர்கள். அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி அது அரசின் சொத்து. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அன்றைக்கே வனவரிடமோ வனச்சரகரிடமோ சொல்லுங்கள். முள்ளம்பன்றி முள், மான் கொம்பு என்று நினைவுக்காக ஒன்றை எடுத்துவந்தாலும் வழக்குதான்.

காகிதம் கையில் வந்ததும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் பக்கத்து இருளர், குறும்பர் ஊர்ப் பெரியவர்களையும் போய்ப் பாருங்கள். எந்த மடு கோடையிலும் வற்றாது, எந்த மரத்தில் எந்த ஆண்டு கூடு இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தச் செயற்கைக்கோளிலும் அது தெரியாது. ஒருவரை நாள்கூலிக்கு உடன் அழைத்துச் செல்வதைத் திட்டச் செலவின் முதல் வரியாக எழுதுங்கள்.

3. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்?

விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

பேனா வடிவப் பிஎச் மானி (தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளப்பது): 500 முதல் 1,500 ரூபாய். அளவு திருத்தும் 4, 7, 10 கரைசல்களையும் சேர்த்து வாங்குங்கள். காலையில் திருத்தாமல் எடுத்த அளவு பயன்படாது.
கரைந்த ஆக்சிஜன்: சொட்டுச் சோதனைப் பெட்டி சில ஆயிரம் ரூபாய், நல்ல மானி அதைப்போலப் பல மடங்கு. தொடக்கத்துக்குப் பெட்டி போதும்.
கலங்கல் பார்க்க: 60 செ.மீ. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், அடியில் கறுப்பு வெள்ளை வட்டம். நீங்களே செய்துகொள்ளலாம்.
மழைமானி, வெப்பமானி, 30 மீட்டர் நாடா, சாய்வுமானி, சொட்டுமருந்துப் புட்டி, சிறு தோண்டுகரண்டி, 500 மைக்ரான் கண்ணி வலை.
தானியங்கிக் கேமரா: ஒன்று 8,000 ரூபாயிலிருந்து. வாங்கும் முன் வனத்துறையிடம் கேளுங்கள், கணக்கெடுப்புக்கு வாங்கியவை இருக்கலாம்.

செயற்கைக்கோள் படமும் அதைக்கொண்டு வரைபடம் போட உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருளும் இலவசம். காசு கொடுத்துப் படம் வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

4. எரிந்த எல்லையை வரைதல்

தீப்புள்ளி எச்சரிக்கைகளில் தொடங்குங்கள். இந்திய வன ஆய்வு நிறுவனமும் நாசாவும் தரும் விஐஐஆர்எஸ் (VIIRS) செயற்கைக்கோள் கருவியின் புள்ளி, 375 மீட்டர் சதுரத்தின் நடுப்புள்ளி மட்டுமே. தீ அந்தச் சதுரத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். புள்ளிகளைக் கோடிட்டு இணைத்து "எரிந்த பரப்பு" என்று போடுவது தவறு.

எல்லைக்குச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் எடுங்கள். 5 நாளுக்கு ஒருமுறை வரும், தேவையான பட்டைகள் (ஒளியின் அலைநீளப் பிரிவுகள்) 20 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கும். தீக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என்பிஆர் (NBR, எரிந்த அளவைக் காட்டும் குறியீடு) கணக்கிடுங்கள்: பி8ஏ பட்டையிலிருந்து பி12-ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். முன் மதிப்பிலிருந்து பின் மதிப்பைக் கழித்தால் டிஎன்பிஆர் (dNBR). வழக்கமான அளவுகோலில் 0.1-க்குக் கீழே எரியாதது, 0.1 முதல் 0.27 வரை லேசானது, 0.27 முதல் 0.66 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

இதில் நான்கு கண்ணிகள் இருக்கின்றன.

முதலாவது, இலையுதிர்வு. பிப்ரவரியில் மரங்கள் இலை கொட்டும்போதும் என்பிஆர் குறையும். ஜனவரிப் படத்தையும் மார்ச் படத்தையும் ஒப்பிட்டால் எரியாத காடும் எரிந்ததாகத் தெரியும். தீக்குச் சில நாள் முந்தைய படத்தை எடுங்கள், இல்லையேல் போன ஆண்டின் அதே வாரத்துப் படத்தை.

இரண்டாவது, 2022 ஜனவரி 25-க்குப் பின் சென்டினல் படங்களின் எண்களில் 1,000 கூட்டித் தரப்படுகிறது. என்பிஆர் கணக்கிடும் முன் இதைக் கழிக்க மறந்தால் கணக்கு முழுதும் பிசகும்.

மூன்றாவது, தரைத்தீ. மேலே இலை அடர்ந்திருந்தால் கீழே சருகு எரிந்தது தெரியாது. ஓடைக்கரைக் காட்டில் இது அடிக்கடி நடக்கும், அங்கே நடந்துதான் பார்க்க வேண்டும்.

நான்காவது, அந்த அளவுகோல் வட அமெரிக்க ஊசியிலைக் காடுகளுக்காக உருவானது. நம் காட்டுக்கு அது தோராயம்தான். கடுமை வகைக்கு ஐந்து வீதம் 30 மீட்டர் விட்ட வட்டங்களைத் தேர்ந்து, நேரில் பார்த்துத் திருத்துங்கள்.

எல்லைக்குள் எரியாமல் தப்பிய திட்டுகளைத் தனி நிறத்தில் வரையுங்கள். காட்டுக்கு விதையும் பறவைக்கும் ஊர்வனவுக்கும் ஒதுங்க இடமும் அங்கிருந்துதான் வரப்போகின்றன. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

5. மண்: ஒரு சொட்டுத் தண்ணீர்

ஒவ்வொரு வட்டத்திலும் சாம்பலின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் அரைகுறையாக எரிந்திருக்கிறது. வெளிர்சாம்பல், வெள்ளை என்றால் சூடு அதிகம். மண்ணே செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தால் அங்கே நெடுநேரம் எரிந்திருக்கிறது. பெரும்பாலும் விழுந்த கட்டை கிடந்த இடமாக இருக்கும்.

பிறகு சாம்பலைக் கையால் ஒதுக்கி, மண்ணைச் சமமாக்கி, சொட்டுப்புட்டியால் ஒரு சொட்டு விடுங்கள். ஐந்து நொடிக்குள் உள்ளே போனால் மண் நலம். சொட்டு முத்துப்போல் உருண்டு ஒரு நிமிடம் தாண்டியும் நின்றால், எரிந்த இலையின் மெழுகு ஆவியாகி இறங்கி மண்துகளில் படிந்திருக்கிறது; மழைநீர் உள்ளே போகாமல் மேலேயே ஓடும். மேல்மண்ணில் உடனே உறிஞ்சினாலும் விடாதீர்கள். ஒன்று, இரண்டு, நான்கு செ.மீ. ஆழத்திலும் சுரண்டிச் சோதியுங்கள், அந்த மெழுகுப் படலம் உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு வட்டத்துக்குப் பத்துச் சொட்டு, அதில் எத்தனை நின்றன என்று எழுதுங்கள். எரியாத இடத்திலும் பத்துச் சொட்டு விடுங்கள். கோடையில் காய்ந்த மண் எரியாமலேயே தண்ணீரைத் தள்ளும். ஒப்பீடு இல்லையென்றால் தீயைக் குற்றம் சொல்ல முடியாது.

மெல்லிய வேர்களையும் இழுத்துப் பாருங்கள். வளைந்தால் உயிர் இருக்கிறது, பொடிந்தால் இல்லை.

6. மரம்: அவசரப்பட்டுச் சாகடிக்காதீர்கள்

தேக்கு, வெக்காலி, வேங்கை, கருமருது ஆகியவை தடித்த பட்டையோடு தீயைத் தாங்கும். மார்ச்சில் கரிக்கட்டையாக நிற்பது ஜூனில் துளிர்க்கும். அதனால் முதல் அறிக்கையில் "இறந்த மரங்கள்" என்று எண் போடாதீர்கள். கரி ஏறிய உயரத்தை மட்டும் எழுதுங்கள். சந்தேகமான மரத்தில் அடியில் நாலு பக்கமும் விரல்நுனி அளவு பட்டையைச் செதுக்கினால், உள்ளே ஈரமாக வெளுத்திருப்பது உயிருள்ளது, பழுப்பாகி உலர்ந்திருப்பது செத்தது. நாலு பக்கமும் செத்திருந்தால் மரம் பிழைப்பது அரிது. இதையும் அனுமதியில் எழுதியிருந்தால் மட்டுமே செய்யுங்கள்.

சோலைக்காட்டின் (உயர்மலைப் பசுமைமாறாக் காடு) ஓரம் எரிந்திருந்தால் கணக்கு வேறு. சோலை மரங்களுக்குப் பட்டை மெலிது, லேசான தீயே கொன்றுவிடும். அங்கே டிஎன்பிஆர் 'லேசானது' என்று காட்டினாலும் ஒரு படி உயர்த்தி மதிப்பிடுங்கள்.

உண்ணிச்செடிப் புதர் எரிந்த இடங்களைத் தனியாகக் குறியுங்கள். அந்தப் புதர்தான் தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும் ஏணி. அடி வேரிலிருந்து முதலில் துளிர்த்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்வதும் அதுவே. மழை தொடங்கியதும் துளிர் முழங்கால் உயரம் தாண்டும் முன் வேரோடு எடுத்தால் வேலை பாதியாகும். மேல்மலையில் சீகை மரம் (வாட்டில் என்னும் அயல்மரம்) எரிந்திருந்தால் மண்ணில் கிடக்கும் விதை தீச்சூட்டில் கூட்டமாக முளைக்கும். இரண்டையும் வரைபடத்தில் போட்டால்தான் களையெடுக்கும் குழு எங்கே போகவேண்டும் என்பது தெரியும்.

7. விலங்கு: ஓடியவை, ஓட முடியாதவை

யானை, காட்டுமாடு, புலி பெரும்பாலும் விலகிவிடும். நீங்கள் தேட வேண்டியவை மெதுவானவையும் ஒளிந்துகொள்பவையும்: நட்சத்திர ஆமை, அலங்கு (எறும்புத்தின்னி), உடும்புக்குட்டி, தரையில் கூடு கட்டும் காட்டுக்கோழி, காடை, பக்கிக் குருவி. ஒரு கிலோமீட்டர் நீளப் பாதைகள் நான்கு வரையுங்கள், இரண்டு எரிந்த இடத்தில், இரண்டு எரியாத இடத்தில். ஒரு வாரத்துக்குள் நடங்கள். அதற்குள் நரியும் காட்டுப்பன்றியும் மிச்சத்தைத் தின்று தீர்த்துவிடும். பத்தாம் நாள் நடந்துவிட்டு "உயிரிழப்பு இல்லை" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு.

பொந்து மரங்களை எண்ணுங்கள். இருவாச்சிக்கும் ஆந்தைக்கும் மார்ச், ஏப்ரல் கூட்டுக்காலம். ஓடைக்கரை நீர்மருது ஒவ்வொன்றையும் தொலைநோக்கியில் பார்த்து, பாறு கழுகுக் கூடு இருந்தால் அடி கருகியிருக்கிறதா என்று மட்டும் குறியுங்கள். மரத்தடிக்குப் போகாதீர்கள். அடி வெந்த மரம் இந்த ஆண்டு நின்றாலும் அடுத்த பருவக்காற்றில் சாயும், கூட்டிடம் அதோடு போகும்.

இன்னொரு கண்ணி: முதல் மழைக்குப் பிறகு எரிந்த இடத்தில் இளம்புல் வந்து புள்ளிமான் கூட்டம் கூட்டமாக மேயும். அதைப் படம் எடுத்து "வனவிலங்குகள் திரும்பிவிட்டன" என்று அறிக்கை விடுவார்கள். மான் பெருகுவதும் காடு நலமாக இருப்பதும் ஒன்றல்ல. கேமராவை எரியாத திட்டுகளின் ஓரத்திலும் நீர்நிலையிலும் 30 நாள் வையுங்கள். மேய்ச்சலும் தண்ணீரும் போன இடத்திலிருந்து யானை எந்த ஊர்ப்பக்கம் இறங்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது மனித உயிர் சம்பந்தப்பட்டது. முதல் அறிக்கையிலேயே வர வேண்டும்.

8. ஓடையும் மீனும்

கோடையில் சிற்றோடைகள் வற்றி மடுக்களாகச் சுருங்கிக் கிடக்கும். அயிரை, கெண்டை, கெளுத்தி, சின்ன மகசீர் எல்லாம் அந்த மடுவுக்குள் அடைந்திருக்கும். தீ அவற்றைத் தொடுவதில்லை. கொல்வது முதல் மழை கொண்டுவரும் சாம்பல் தண்ணீர். சாம்பல் கரைந்தால் தண்ணீர் காரமாகும், அந்தக் காரத்தில் ஏற்கெனவே இருக்கும் அம்மோனியம் நஞ்சான அம்மோனியாவாக மாறும். கரித்துகளும் இலைக்கசடும் மக்கும்போது ஆக்சிஜனைத் தின்னும். நுண்மண் செவுளை அடைக்கும். நிழல் போன கரையில் தண்ணீர் சூடேறும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே தங்கும். இவ்வளவும் ஒரே மாலையில் நடக்கும்.

மாயாற்றில் வாழும் திமில் மகசீரை ஐயூசிஎன் (IUCN) என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. மழைக்காலத்தில் சுத்தமான கூழாங்கல் படுகை அதற்கு வேண்டும். கல்லிடுக்கில் சேறு அடைந்தால் முட்டைக்கு மூச்சு கிடைக்காது. அதனால் மீன் செத்ததா என்பதோடு நிறுத்தாமல், படுகை அடைந்ததா என்றும் பாருங்கள்.

மூன்று இடம் தேர்ந்தெடுங்கள்: எரிந்த இடத்துக்கு மேலே ஒன்று, ஓடை எரிந்த நிலத்தை விட்டு வெளியேறும் இடத்தில் ஒன்று, இன்னும் கீழே பெரிய மடுவில் ஒன்று. ஒவ்வொன்றிலும்:

கரைந்த ஆக்சிஜனை விடிவதற்கு முன் எடுங்கள். இரவில் பாசியும் மூச்சுவிடுவதால் அப்போதுதான் மிகக் குறையும். மதியம் எடுத்தால் நல்ல எண் வந்து ஏமாற்றும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே மீன் திணறும், 2-க்குக் கீழே பெரும்பாலானவை பிழைக்காது. யானை நடமாடும் இடம் என்பதால் காவலர் துணையின்றி இருட்டில் போகாதீர்கள். முந்தின மாலையே இடம் பார்த்து வையுங்கள்.
பிஎச் 9-ஐத் தாண்டினால் ஆபத்து. மேல் இடத்தைவிட எவ்வளவு கூடியது என்பது அதைவிட முக்கியம்.
குழாயில் நீர் ஊற்றி வட்டம் எத்தனை செ.மீ.யில் மறைகிறது என்று பாருங்கள்.
கண்ணை மூடி 100 கல் பொறுக்கி அளந்து, எத்தனை கல் பாதிக்கு மேல் சேற்றில் புதைந்திருந்தது என்று எண்ணுங்கள்.
ஒரு நிமிடம் காலால் கிளறி, கீழே வலை பிடித்து, மேஃப்ளை, கேடிஸ், தட்டான் இளம்பூச்சிகளை எண்ணி அங்கேயே விட்டுவிடுங்கள். மீனுக்கு முன்பே காணாமல் போவது இவைதான்.
கரையில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து மீன் எண்ணுங்கள். மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். வலை போடாதீர்கள், திணறும் மீனை அது கொன்றுவிடும்.

முதல் மழைக்கு முன் ஒருமுறை, மழைமானியில் 10 மி.மீ. தாண்டிய முதல் மழைக்குப் பின் 24 மணிக்குள் ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை. மழைக்கு முந்தைய அளவு இல்லையென்றால் பிந்தைய எதற்கும் பொருள் இல்லை.

மாயாற்றில் மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை: மேலே பைக்காரா, மாயாறு மின்நிலையங்கள் தண்ணீர் திறக்கும்போது மட்டம் சட்டென்று உயரும். அளவெடுத்த மணியையும் மட்டத்தையும் எழுதுங்கள். தண்ணீர் கூடி நஞ்சு நீர்த்த நாளில் எடுத்த நல்ல எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். ஆற்றுக்குள் நிற்கும்போது ஒருவர் கரையில் நின்று மேற்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

9. மதிப்பெண்

ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மூன்று எண், ஒவ்வொன்றும் 1 முதல் 3 வரை: அங்கே அல்லது அதன் கீழே இருப்பதன் மதிப்பு, சேதத்தின் கடுமை, ஆபத்து வந்து சேரும் வாய்ப்பு. மூன்றையும் பெருக்குங்கள். 18, 27 வந்தால் மழைக்கு முன் வேலை, 8 முதல் 12 என்றால் கண்காணிப்பு, 6-க்குள் என்றால் விட்டுவிடலாம்.

எடுத்துக்காட்டாக, 60 ஹெக்டேர் சுக்குநாறிப் புல்மேடு, சரிவு குறைவு, ஓடை தூரத்தில்: 2 × 1 × 1 = 2. அதன் பக்கத்தில் 4 ஹெக்டேர் செங்குத்துச் சரிவு, சொட்டுச் சோதனையில் பத்துக்கு ஏழு நின்றது, கீழே 80 மீட்டரில் மகசீர்க் குஞ்சு இருக்கும் மடு: 3 × 2 × 3 = 18. பணமும் ஆளும் நாலு ஹெக்டேருக்குத்தான் போக வேண்டும். பரப்பளவை வைத்து மட்டும் எழுதிய அறிக்கை அறுபதுக்கு அனுப்பிவிடும்.

மூன்று பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் அந்த இடத்துக்கு மறுபடி போய்ப் பாருங்கள்.

10. அறிக்கையும் பரிந்துரையும்

முதல் அறிக்கை இரண்டு பக்கம்: ஒரு வரைபடம், 18-உம் அதற்கு மேலும் வந்த இடங்களின் அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை, ஆள்நாள் கணக்கு. வனச்சரகர் கையில் நேரில் கொடுங்கள், மின்னஞ்சலில் கள இயக்குநருக்கு அனுப்புங்கள். நாற்பது பக்கம் எழுதினால் மழைக்கு முன் யாரும் படிக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை: எரிந்த சிறு கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே, மண்ணோடு ஒட்டிப் படுக்கவைத்தல், சிறு வாய்க்கால்களில் முள்கொத்துப் போடுதல், நேர்கீழாக இறங்கும் தீத்தடுப்புக் கோடுகளில் 15, 20 மீட்டருக்கு ஒரு குறுக்கு மேடு அமைத்துத் தண்ணீரைக் காட்டுக்குள் திருப்புதல். அந்தக் கோடு அப்படியே விடப்பட்டால் மழையில் ஓடைக்கு நேர்வழி மண்கால்வாயாகிவிடும். ஒரு மழைக்காலம் வரை மாடு மேய்ச்சல் வேண்டாம்.

கேட்கக் கூடாதவை: வெளியூர்ப் புல்விதை தூவுதல், எரிந்த மரங்களை வெட்டி இழுத்தல், மீன் ஏறும் ஓடையில் சிமென்ட் தடுப்பணை. இம்மூன்றும் நல்ல எண்ணத்தோடு முன்வைக்கப்படும். எதிர்ப்பை எழுத்தில் கொடுங்கள்.

கட்டையும் முள்கொத்தும் போட்ட இடங்களின் படத்தையும் ஆயத்தொலைவையும் எடுத்து வையுங்கள். முதல் மழைக்கு மறுநாள் காலை ஓடை அளவெடுக்கப் போகும்போது அவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். புரண்டுகிடக்கும் கட்டையை இரண்டாவது மழைக்கு முன் திருப்பிப் போட அரைநாள் கூலிதான் ஆகும்.